ரவ்னா மேட்டுத் தண்ணீர்

ஸ்துதெனா
18 ஜூன் 1971

ஊர்ஷா அக்காவுக்கு,

நீயும் மாடுகளும் ரவ்னா மேட்டுக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊர் வெறிச்சென்று கிடக்கிறது. மணிச் சத்தம் இல்லாமல் எனக்கு விடிந்ததே தெரிவதில்லை. ஏழு வீட்டு மாடுகளையும் உன் தலையில் கட்டிவிட்டு இங்கே எல்லாரும் புல் அறுக்கக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். நாலாம் மாதத்திலேயே இப்படி என்றால் டிசம்பரில் என்னை வண்டியில் ஏற்றித்தான் நகர்த்த வேண்டியிருக்கும்.

லிஸ்கா எப்படி இருக்கிறாள்? அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த ஒரே உயிர் அவள்தான். உப்பைத் தரையில் கொட்டினால் தொடமாட்டாள். உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். உனக்குப் பொறுமை இருக்காது என்று தெரியும், ஆனாலும் செய்.

இன்னொரு விஷயம். இந்த மாதக் கடைசியில் காஷ்பர் மேலே வருகிறார். குளத்தைச் சுற்றி வேலி போட ஊர்க்கூட்டம் அவரைத்தான் அனுப்புகிறது. போன வருஷம் மாடுகள் வயிறு நனைய அந்தக் குளத்தில் நின்று, குடித்த இடத்திலேயே சாணி போட்டு, தண்ணீரைக் கஷாயம் ஆக்கியது உனக்கு நினைவிருக்கும். குளத்தை அடைத்துவிட்டு மரத்தொட்டியில் தண்ணீர் விட்டால் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் மரவேலை தெரிந்தவர் இவர் ஒருவர்தானா? யார் போவது என்று கேட்டதுமே கையைத் தூக்கினாராம். பக்கத்து வீட்டு பிரான்ச்கா வேலை மெனக்கெட்டு வந்து சொல்கிறாள்: "உன் புருஷன் இவ்ளோ சுறுசுறுப்பா கை தூக்கி நான் பாத்ததே இல்லடி. வேலி போடவா போறாரு, வேலி தாண்டவா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போனபிறகு ஒரு ஜாடியை உடைத்தேன்.

உன்னிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சாப்பாடு போடு. பேச்சு வேண்டாம்.

உன் தங்கை,
பாவ்லா

ரவ்னா மேடு
26 ஜூன்

பாவ்லா,

இனிமேல் எழுதினால் உறையை ஒட்டி அனுப்பு. சனிக்கிழமைதோறும் பாலாடைக்கட்டிகளை இறக்கிப்போக வருகிற லோவ்ரோ கிழவர் உன் கடிதத்தை வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்திருக்கிறார். குதிரையை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "ஏம்மா, சாப்பாடு மட்டுந்தானாமே, பேச்சு கிடையாதாமே?" என்று கேட்கிறார்.

உன் புருஷன் வந்தால் வரட்டும். மரம் இங்கே வெட்டிக் கிடக்கிறது, ஆணி அவன் கொண்டுவருவான். நான் கூப்பிடவில்லை. எச்சரிக்கைக் கடிதம் எழுதவேண்டியது யார் என்று பார்த்தால், அது நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். அறுவடை ஆட்டத்தில் அவன் முதலில் கை நீட்டியது என்னிடம். நான் குனிந்து செருப்பு வாரைக் கட்டி நிமிர்வதற்குள் நீ அவனோடு நடு மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தாய். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதற்கில்லை.

லிஸ்கா விஷயமும் அதேதான். தாய் செத்த கன்று அது. புட்டியில் பால் ஊற்றி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து வளர்த்தவள் நான். உன் கல்யாணத்தன்று அப்பா அவள் கழுத்தில் ரிப்பன் கட்டி உன்னிடம் ஒப்படைத்தார். எனக்கு ஷேகாவைக் கொடுத்தார், வேறு ஒன்றும் மிச்சமில்லாததால். இப்போது உப்பை எப்படி நீட்டுவது என்று நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அவளுக்கும் ஷேகாவுக்கும் யார் முன்னால் நடப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. பட்டியைத் திறந்ததும் கொம்பைக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. முன்னால் நடக்கிற மாட்டுக்குத்தானே செப்டம்பரில் இறங்கும்போது பூமாலை. போன வருஷம் உன் லிஸ்காவுக்கு. அதற்கு முந்தின வருஷமும் அவளுக்கே. தடியை நடுவில் விட்டுப் பிரித்துவிடுகிறேன், கவலைப்படாதே.

கனமானதைத் தூக்காதே. உடைப்பதாக இருந்தாலும் சின்ன ஜாடியாகப் பார்த்து உடை.

ஊர்ஷா

ஸ்துதெனா
4 ஜூலை

அக்கா,

நேற்று மதியம் இவர் வந்து சேர்ந்தார். வந்தவர் வாசலில் நின்றபடியே சட்டையைக் கழற்றி, ஊற்றுத் தொட்டிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டுத் தானே துவைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு காலுறையைக்கூட நனைத்ததில்லை. பிரான்ச்கா ஜன்னலில் முக்கால் உடம்பை வெளியே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலி முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"ஒரே பனிமூட்டம். நட்டது பாதி, நடாதது பாதி."

"நாலு நாள் அங்க என்ன பண்ணீங்க?"

"அதான் சொன்னேனே, பனிமூட்டம்னு."

பனிமூட்டத்தில் மரக்கம்பம் நட முடியாதாம். வேறென்னவோ செய்ய முடியும்போல. களியும் புளித்த பாலும் வைத்தேன், தொடவில்லை. லிஸ்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். இடது கையில் ஒரு காயம். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது உன் நீலக் கைக்குட்டை. ஓரத்துப் பூவேலை நான் போட்டது, எனக்குத் தெரியாதா? அதை அவிழ்த்துத் துவைக்கக் கொடுங்கள் என்றால், "இருக்கட்டும்" என்கிறார். ராத்திரி அந்தக் கையை என் பக்கம் கொண்டுவராமல் படுத்திருந்தார்.

நீ அவரை 'அவன்' என்று எழுதியிருந்தாய். தங்கை புருஷனை அப்படி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒரு பழக்கம் தெரிகிறது.

என்ன நடந்தது என்று எழுது. எனக்கு மயக்கம் வரும், குழந்தைக்கு ஆகாது என்றெல்லாம் நினைக்காதே. தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

பாவ்லா

ரவ்னா மேடு
10 ஜூலை

அன்புள்ள பாவ்லா,

நீ நினைக்கிறபடி எதுவுமே நடக்கவில்லை. கம்பம் நடும்போது முள்ளுக்கம்பியில் கை கிழிந்தது. பக்கத்தில் வேறு துணி இல்லாததால் கைக்குட்டையைக் கட்டினேன். நாலு நாளும் மழையும் மூட்டமுமாக இருந்தது. அவர் வைக்கோல் பரணில் படுத்தார், நான் அடுப்படியில் படுத்தேன். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நன்றாகச் சாப்பிடு, மதியம் தூங்கு.

மாடுகள் எல்லாம் சுகம். மேட்டில் ஒன்று செத்தாலும் அந்த வருஷம் எந்த வீட்டு மாட்டுக்கும் மாலை கிடையாது என்பது உனக்குத் தெரியும். கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். லிஸ்காவின் பாலில் தனியாக ஒரு சின்னக் கட்டி செய்து லோவ்ரோவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உனக்காகவே செய்தது. பிரான்ச்காவுக்குக் கொடுத்துவிடாதே.

நான் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா

ஸ்துதெனா
24 ஜூலை

அக்கா,

நீ என்னை 'அன்புள்ள' என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. அந்தச் சொல்லைப் படித்ததும் உறையைத் திருப்பி யார் பெயருக்கு வந்தது என்று பார்த்தேன்.

ரவ்னாவில் முள்ளுக்கம்பி எங்கிருந்து வந்தது? வேலிக்குக் கம்பி வாங்க ஊரில் காசில்லை, முழுக்க மரம் என்று முடிவு செய்த கூட்டத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். கட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது லிஸ்காவின் பால் இல்லை. அவள் பாலில் செய்தால் வெட்டின இடம் வெண்ணெய்போல் மஞ்சளடிக்கும். நீ அனுப்பியது சுண்ணாம்பு வெள்ளை, ஷேகாவின் பால். இதில்கூடப் பொய் எதற்கு? அவள் பாலை யாருக்கு வைத்திருக்கிறாய்?

இங்கே வேறொரு கூத்து. போன மழைக்குப் பிறகு ஊற்று பழுப்பாக வந்தது. அது வருஷாவருஷம் வருவதுதான், இரண்டு நாளில் தெளிந்துவிடும். இந்த முறை தெளிந்தது, ஆனால் ஒரு வாடை நின்றுவிட்டது. காப்பி போட்டால் மேலே ஆடைபோல் ஏதோ படிகிறது. திங்கட்கிழமை தொட்டி மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. தண்ணீர் நல்லதா என்று பார்க்க நம் ஊர் காலங்காலமாக வளர்க்கிற மீன், கல்தொட்டியில் அத்தனை பனிக்காலத்தைத் தாண்டிய மீன். பெண்கள் சுற்றி நின்று அழாத குறை. பிரான்ச்கா வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு, கோவில்காரர் வீட்டிலும்.

இவர் என்ன செய்கிறார் தெரியுமா? வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் ப்ரெஸ்யேவுக்குப் போய், அங்கே மழைநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார். தினமும்! "இத மட்டும் குடி பாவ்லா. ஊற்றுத் தண்ணியைத் தொடாத" என்று கெஞ்சுகிறார். தப்பு செய்த ஆண்கள் ரிப்பன் வாங்கி வருவார்கள், பாசிமணி வாங்கி வருவார்கள். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவருகிறார். "எதுக்கு இவ்ளோ அக்கறை? மொதல்ல கண்ணைப் பாத்துப் பேசுங்க, அப்புறம் குடிக்கிறேன்" என்றேன். பீப்பாயைத்தான் பார்த்தார். நான் அவர் எதிரிலேயே ஊற்றுக்குப் போய், ஒரு சொம்பு மொண்டு நின்ற இடத்திலேயே குடித்தேன். தினமும் அதையேதான் குடிக்கிறேன்.

சுகாதார ஆபீஸிலிருந்து வித்மார் என்று ஒருவர் வந்திருக்கிறார். நம் மாடியில்தான் தங்கியிருக்கிறார். வேலி முடியாத கதை, மாடுகள் குளத்தில் நிற்கிற கதை எல்லாவற்றையும் அவரிடம் நானே சொன்னேன். மேட்டையே மூடவேண்டும் என்றும் சொன்னேன். அப்போது இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மேடு மூடினால் இவர் ஏன் வெளுக்க வேண்டும்? அங்கே இவருக்கு என்ன இருக்கிறது?

பாவ்லா

ரவ்னா மேடு
31 ஜூலை

பாவ்லா,

நீ அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தார். ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் புட்டிகள். குளத்தில் ஒன்று, சேற்றில் ஒன்று, மாடு நடந்த குளம்புத் தடத்தில் தேங்கினதில்கூட ஒன்று. மாடு வாலைத் தூக்கினால் இவர் நோட்டைத் தூக்குகிறார். என் வாழ்நாளில் சாணிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

"இங்கே அடியில் எல்லாம் சுண்ணாம்புப் பாறைம்மா. மண்ணு இருந்தா தண்ணியை வடிகட்டும். இது சல்லடை மாதிரி. இங்க மாடு போடறது அங்க உங்க காப்பியில வரும்" என்றார்.

"ரவ்னாத் தண்ணி எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், சோச்சா ஆத்துக்குப் போகுதுன்னு எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து சொல்றாங்க" என்றேன்.

"உங்க பாட்டன் உள்ள எறங்கிப் பாத்தாரா?"

எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு முறை வந்து குளத்து ஓரத்தில் தண்ணீர் உள்ளே வடிகிற பொந்தில் பச்சைச் சாயம் ஊற்றப் போகிறாராம். எந்த ஊற்றில் பச்சை வருகிறதோ அங்கேதான் நம் தண்ணீர் போகிறதாம். ஊற்றட்டும்.

நீ மேட்டை மூடச் சொன்னாய். உனக்கு வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறான், பிள்ளை வரப்போகிறது. எனக்கு இருப்பது இந்தக் கோடை மூன்று மாதமும் இதில் கிடைக்கிற கூலியும்தான். இதையும் பிடுங்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? குளிர்காலம் முழுக்க உங்கள் வீட்டு அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்கிறாயா?

இதெல்லாம் இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். காஷ்பர் கொண்டுவருகிற தண்ணீரைக் குடி. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடிக்காதே. காய்ச்சிக்கூடக் குடிக்காதே. ஏன் என்று கேட்காதே.

ஊர்ஷா

ஸ்துதெனா
16 ஆகஸ்ட்

அக்கா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். ஒரு வாரமாகக் காய்ச்சல். எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. டாக்டர் வந்தார், மாத்திரை கொடுத்தார். குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார்.

நேற்று மாதா பண்டிகை. பூசை முடிந்து ஊர்வலம் ஊற்றருகில் வந்தபோது தண்ணீர் பச்சையாகக் கொட்டிக்கொண்டிருந்ததாம். சாமியார் புனித நீர் எடுக்கக் கிண்ணத்தோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். பிரான்ச்கா ஓடிவந்து சொன்னாள்: "கீரைக் கசாயம் மாதிரி வருதுடி! மேட்டுத் தண்ணி நம்ம தண்ணியேதான்!" பாட்டன் பூட்டன் சொன்னது பொய்யாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புப் படைக் கூடத்தில் கூட்டம். மேட்டை நிரந்தரமாக மூடுவது என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள்.

அதுகூட எனக்கு இப்போது பெரிதில்லை. நேற்று இவர் கட்டிலருகே உட்கார்ந்து அழுதார். ஆறடி மனிதர் முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுகிறார். "ஏன் அழறீங்க? யாரை நெனச்சு அழறீங்க?" என்றேன். சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் விடவில்லை. கடைசியில், "அவளையே கேளு. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார்.

வாக்கு. உனக்கு. எனக்குக் காய்ச்சலில் பல் கிட்டுகிறது, அவர் உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்.

கேட்கிறேன் ஊர்ஷா. சொல்.

ரவ்னா மேடு
19 ஆகஸ்ட்

பாவ்லா,

லிஸ்கா செத்துவிட்டாள்.

எப்படித் தொடங்கினாலும் இந்த வரியில்தான் வந்து நிற்கிறது, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

காஷ்பர் வேலி போட வந்தபோது நடந்தது. காலையில் மூட்டம். அவர் குளத்தில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். நான் பட்டியைத் திறந்தேன். குளத்துக்கு மேலே பாறை விளிம்பு இருக்கிறதே, அங்கே போனதும் லிஸ்காவும் ஷேகாவும் கொம்பைக் கோத்துக்கொண்டன. என் கையில் தடி இருந்தது. எத்தனையோ தடவை பிரித்துவிட்டவள்தான். அன்றைக்கு நின்றேன். ஒரே ஒரு தடவை அவள் தோற்கட்டும் என்று நினைத்தேன். மாட்டை நினைத்தேனா, உன்னை நினைத்தேனா என்று என்னைக் கேட்காதே. ஷேகா முட்டித் தள்ளியது. லிஸ்காவின் பின்னங்கால் விளிம்பில் வழுக்கியது. கீழே விழுந்து முன்னங்கால் இரண்டும் ஒடிந்து கிடந்தாள். நான் இறங்கி ஓடினேன். என்னைப் பார்த்ததும் கையை நக்கினாள், உப்பு கொண்டுவந்திருக்கிறேன் என்று.

காஷ்பர்தான் கத்தியை எடுத்து அவள் வலியை முடித்தார். அவள் திமிறியதில் கத்தி வழுக்கித் தன் கையையே வெட்டிக்கொண்டார். முள்ளுக்கம்பி எல்லாம் என் கற்பனை. "பாவ்லாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "சொல்லாதீங்க. நான் வேணும்னே தள்ளிவிட்டேன்னு ஊரே சொல்லும். அவளும் சொல்லுவா. சொன்னா அது பொய்யும் இல்ல." அவர் கத்தியைப் புல்லில் துடைத்தார். "பிள்ளை நல்லபடியா பொறக்கட்டும். இந்த நேரத்துல அவ தாங்கமாட்டா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஆண்களுக்கு எதற்கும் ஓர் 'அப்புறம்' இருக்கிறது.

ஷேகாவைப் பூட்டித்தான் லிஸ்காவை இழுத்தோம். ஊசியிலைக் காட்டுக்குப் பின்னால் இருக்கிற பாழ்க்குழியில் தள்ளினோம். ஊரில் செத்த ஆடு, மாடு, நாய் எல்லாம் காலங்காலமாக அதில்தானே போகிறது. கல்லைப் போட்டால் சத்தம்கூட வராது. அதற்குள் போனது போனதுதான் என்றுதான் நானும் நினைத்தேன். மாலையும் போகாது, வேலையும் போகாது, உனக்கும் தெரியாது. செப்டம்பரில் கேட்டால், மூட்டத்தில் வழிதவறிப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். மீதிக் கம்பங்களை அவர் நடவில்லை. கை காயம், மனசும் சரியில்லை. மாடுகள் முன்போலவே குளத்துக்குள் நின்றன, நானும் துரத்தவில்லை.

ஊற்றில் வாடை அடிக்கிறது என்று நீ எழுதிய அன்று எனக்கு விளங்கிவிட்டது. காஷ்பருக்கு அதற்கு முன்பே விளங்கியிருக்கிறது, அதனால்தான் பீப்பாயோடு அலைந்தார். சாணித் தண்ணீரோடு லிஸ்காவும் சேர்ந்து உன் சொம்புக்கு வந்திருக்கிறாள். அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். பயந்தேன். நீ எங்கள்மேல் இருந்த கோபத்தில் அதையே குடித்துக்கொண்டிருந்தாய், நான் உனக்கு 'ஏன் என்று கேட்காதே' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

காஷ்பர் என்னைத் தொடவில்லை. கைக்குத் துணி கட்டிவிட்டேன், அவ்வளவுதான். கட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீயாகக் கண்டுபிடித்து ஒரு சண்டை வேண்டாம்.

இன்று வித்மார்தான் உன் கடிதத்தோடு மேலே வந்தார், இதையும் அவரே கொண்டுபோகிறார். குழியைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் ஒருத்திதான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் அப்படியே வாசிப்பார். ஊர் என்னை விரட்டட்டும், மேடு மூடாமல் இருந்தால் போதும். காஷ்பர் பெயர் வரவேண்டாம். உன் பிள்ளையின் அப்பா தலைகுனிந்து நடக்க வேண்டாம். நீ ஒன்றும் பேசாமல் இரு. உனக்காக நான் செய்யக்கூடியது இனி இது ஒன்றுதான்.

ஊர்ஷா

ஸ்துதெனா
23 ஆகஸ்ட்

ஊர்ஷா,

காய்ச்சல் விட்டுவிட்டது. குழந்தை உதைக்கிறது. இதை முதலில் எழுதுவது நீ நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை, மீதியை நீ கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்காக.

லிஸ்காவுக்காக ஒரு நாள் முழுக்க அழுதேன். அவளைக் குடித்திருக்கிறேன் என்பதை நினைத்து இன்னொரு நாள் வாந்தி எடுத்தேன். அதன்பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது பொய் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? முடியவில்லை. அவர் உன்னோடு படுத்திருந்தால் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்து, இருக்கிற ஜாடியை எல்லாம் உடைத்து, ஒருவழியாக முடித்திருப்பேன். நீங்கள் இருவரும் சேர்ந்து என் மாட்டைக் கொன்று, சேர்ந்து இழுத்து, சேர்ந்து மறைத்து, சேர்ந்து பயந்திருக்கிறீர்கள். இத்தனை நாளும் உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு எந்த ஜாடியை உடைப்பது?

இவரிடம் கேட்டேன். "அவகிட்ட குடுத்த வாக்கு பெருசா, நான் குடிக்கிற தண்ணி பெருசா?" என்றேன். "ரெண்டையும் காப்பாத்தலாம்னு நெனச்சேன்" என்றார். முட்டாள். ஆனால் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

இனி கூட்டத்தைப் பற்றி. நீ பேசாமல் இருக்கச் சொன்னாய். போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். வித்மார் வாசித்தார்: மேய்ப்பவள் ஊர்ஷா மட்டுமே இதைச் செய்ததாக ஒப்புக்கொள்கிறாள். கூடமே கொதித்தது. "எறக்குங்கடா அவளை", "தங்கச்சி மாட்டையே தின்னவ", இன்னும் எழுதக் கூடாதது எல்லாம். நான் அவர்களைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். நீ பழியைத் தனியாக ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டதும் இவர் முகம் மாறியதே, அந்த முகத்தை எனக்காக இவர் ஒரு நாளும் காட்டியதில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நீ பேசாமல் மலைமேல் தியாகியாக உட்கார்ந்திருப்பாய். இவர் சாகிறவரைக்கும் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு உன்னை நினைத்துக்கொண்டிருப்பார். அதற்கு நான் விடுவேன் என்று நினைத்தாயா?

எழுந்து நின்றேன்.

"ஏன்யா, ஒரு பொம்பளை தனியா ஒரு பசுமாட்டைக் காட்டைத் தாண்டி இழுத்துட்டுப் போய்க் குழியில தள்ள முடியுமா? மாடு வளக்குறவங்கதானே நீங்கள்லாம்? கூட இழுத்தது எம் புருஷன். எந்திரிங்க."

எழுந்தார். "ஆமா. நான்தான் வெட்டினேன், நானும்தான் தள்ளினேன்" என்றார். காது சிவந்துபோய் நின்றார். பிரான்ச்கா வாயில் கைவைத்தாள். உட்காரச் சொல்லவில்லை நான். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.

அதன்பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. பிரான்ச்கா புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க சினைமாடு ஒண்ணு செத்தப்போ நாங்களும் அதுலதான் போட்டோம்" என்றார். கோவில்காரர் தம் கோவேறு கழுதையைச் சொன்னார். லோவ்ரோ கிழவர் தம் அப்பா காலத்துக் கதையை எடுத்தார். கடைசியில் கூடத்தில் அந்தக் குழிக்குள் எதையும் போடாத வீடு ஒன்றுகூட இல்லை. வித்மார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனையும் நீங்களேதான் குடிச்சிருக்கீங்க" என்றார்.

முடிவு இதுதான். மேடு மூடப்படாது. வேலியை இந்த வாரமே முடிக்க வேண்டும், குளத்துக்குள் ஒரு குளம்பு இறங்கக் கூடாது, மாடுகளுக்குத் தொட்டித் தண்ணீர். மழைக்காலத்துக்கு முன் குழியைக் காலிசெய்து சுண்ணாம்பு போட வேண்டும். இந்த வருஷம் மாலை கிடையாது, எந்த மாட்டுக்கும். செப்டம்பர் வரை நீயே இரு என்றார்கள். அடுத்த வருஷம் யார் என்று குளிர்காலத்தில் பேசுவார்களாம். உனக்காக நான் பேசமாட்டேன். எதிராகவும் பேசமாட்டேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

வியாழக்கிழமை குழிக்குள் இறங்குகிறார்கள். ஊர் சொல்வதற்கு முன்னாலேயே இவர், "நான் எறங்கறேன்" என்று கையைத் தூக்கிவிட்டார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. சுமையை இழுக்க மர உருளையும் ஆறு ஆண்களும் உண்டு. இறங்குகிறவர் இடுப்பில் தனியாக ஓர் உயிர்க்கயிறு கட்டுவார்களாம், உள்ளே காற்றுக் கெட்டிருந்தால் உடனே அசைத்துச் சொல்வதற்கு. அதைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நிற்கப்போவது நான். ஆறாம் மாதத்தில் மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று, பிரான்ச்கா சொல்லியாயிற்று, இவரும் சொல்லியாயிற்று. லோவ்ரோவின் குதிரையில் வருகிறேன்.

ஆனால் இவர் கனம் எனக்குத் தெரியும். அவசரம் என்றால் என் ஒருத்தியால் இழுக்க முடியாது. கூடப் பிடிக்க வேறு யாரையும் சேர்த்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நீ வந்து பிடி. எனக்குப் பின்னால் நின்று பிடி.

பாவ்லா